தோற்ற அரை மணி நேரத்தில் மைக் முன்னால்: தொழில்முறை விளையாட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வலைக்குப் பக்கத்தில் கை குலுக்கியதோடு டென்னிஸ் ஆடுபவரின் அன்றைய வேலை முடிந்துவிடாது. குளித்துவிட்டு, முழங்காலில் ஐஸ் கட்டி, அம்மாவுக்கு போன் போடலாம் என்று நினைக்கும்போதே ஒருவர் வந்து நிற்பார். "நாலேகாலுக்கு உங்களுக்கு பிரஸ் மீட்." ஜெயித்தாலும் போக வேண்டும், தோற்றாலும் போக வேண்டும். போகாவிட்டால் அபராதம்.

நான் மேசையின் இந்தப் பக்கம், கேள்வி கேட்கும் பக்கம், பல வருடம் உட்கார்ந்தவன். ஒருமுறை ஒரு ஜூனியர் போட்டியில், அரையிறுதியில் தோற்று வந்த பெண்ணிடம், "ரெண்டாவது செட்ல பயந்துட்டியாம்மா?" என்று கேட்டேன். அவள் வாய் திறக்கவில்லை. ராக்கெட் கைப்பிடியில் சுற்றியிருந்த டேப்பை நகத்தால் உரித்துக்கொண்டே நின்றாள். ஒரு துண்டு கீழே விழுந்தது, அடுத்த துண்டை உரித்தாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே நகர்ந்து போகலாம் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் அப்படிக் கேட்கக் கூடாது என்று எனக்கும் யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

தொழில்முறைச் சுற்றுக்குள் காலெடுத்து வைக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களோடு ஊர் ஊராகப் போகும் பெற்றோருக்கும் கோச்சுக்கும் இதை எழுதுகிறேன். டென்னிஸை வைத்தே பெரும்பாலும் சொல்கிறேன். காரணம், இந்தச் சிக்கலை உலகமே பார்க்கும்படி வெளியே கொண்டுவந்தது டென்னிஸ்தான்.

முதலில் பாரிஸில் ஆறு நாட்கள்

2021-ஆம் ஆண்டு மே 26. ஜப்பானின் நவோமி ஒசாகா அப்போது உலகத் தரவரிசையில் இரண்டாம் இடம். கிராண்ட் ஸ்லாம் எனப்படும் டென்னிஸின் நான்கு மிகப் பெரிய போட்டிகளில் மொத்தம் நான்கு பட்டங்கள் கையில். அந்தப் போட்டிகளில் ஒன்றான, பாரிஸில் நடக்கும் பிரெஞ்சு ஓப்பன் தொடங்கும் முன், இந்தப் போட்டியில் செய்தியாளர்களைச் சந்திக்கப் போவதில்லை என்று சமூக ஊடகத்தில் எழுதினார். கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள், நம் மனதில் சந்தேகத்தை விதைக்கும் கேள்விகளைக் கேட்கிறார்கள், வீரர்களின் மனநலத்தைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை என்பது அவர் சொன்ன காரணம். தனக்கு விதிக்கப்படும் அபராதம் மனநலத்துக்கு உழைக்கும் அமைப்புக்குப் போகட்டும் என்றும் எழுதியிருந்தார்.

மே 30 அன்று முதல் சுற்றில் ருமேனியாவின் பாட்ரிசியா மரியா டிக்கை வென்றார். பிரஸ் மீட்டுக்குப் போகவில்லை. அன்றே 15,000 டாலர் அபராதம். நான்கு கிராண்ட் ஸ்லாம் அமைப்பாளர்களும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டார்கள்: இது தொடர்ந்தால் போட்டியிலிருந்தே நீக்கப்படலாம், வரும் போட்டிகளில் ஆடவும் தடை வரலாம். மறுநாள், மே 31, ஒசாகா தானாகவே விலகினார். 2018 யு.எஸ். ஓப்பனுக்குப் பிறகு நீண்ட காலம் மனச்சோர்வில் தவித்ததாகவும், செய்தியாளர்கள் முன்னால் பேசுவதற்கு முன் கடும் பதற்றம் வருவதாகவும் அப்போதுதான் சொன்னார்.

அடுத்த நாள் அதே நான்கு அமைப்புகள் அவருக்கு ஆதரவாக அறிக்கை விட்டன. நாற்பத்தெட்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

இதில் என்னை இன்றுவரை உறுத்துவது ஒன்று. அந்த ஜூலையில் டைம் இதழில் ஒசாகா எழுதினார்: அமைப்பாளர்களும் ஊடகமும் தன்னை நம்பாததால்தான், நோயின் அறிகுறிகளை வெளியே சொல்லியே தீர வேண்டிய நெருக்கடிக்கு ஆளானேன் என்று. கணுக்கால் பிசகியவரிடம் யாரும் எக்ஸ்ரேயை ஊருக்குக் காட்டச் சொல்வதில்லை. இவர் தன் நோயை உலகத்துக்கே விளக்க வேண்டி வந்தது. கீழே வரும் எல்லா யோசனையும், அந்த நிலைக்கு நீங்கள் தள்ளப்படாமல் இருக்க என்ன வழி என்பதுதான்.

படி 1: விதியை நீங்களே படியுங்கள்

ஏஜென்ட் படிப்பார், அப்பா படிப்பார் என்று விடாதீர்கள். அப்போதைய கிராண்ட் ஸ்லாம் விதி சொன்னது இது: காயம்பட்டு, உடலால் வர இயலாத நிலையில் இருந்தால் ஒழிய, ஆட்டம் முடிந்த உடனோ முப்பது நிமிடத்துக்குள்ளோ நடக்கும் செய்தியாளர் சந்திப்புக்கு வீரர் வர வேண்டும். தவறினால் 20,000 டாலர் வரை அபராதம்.

அந்த "உடலால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். மொத்தச் சண்டையும் அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது. தசை கிழிந்தால் விலக்கு உண்டு. மூன்று நாளாகத் தூங்காமல், அறை வாசலில் நெஞ்சு படபடத்து நிற்பவருக்கு அந்த வரியில் இடமே இல்லை.

அதே விதியில் இன்னொரு வரியும் இருந்தது. தகுந்த காரணம் இருந்தால் ரெஃப்ரி, அதாவது போட்டியின் தலைமை நடுவர், அந்த நேரத்தை நீட்டிக்கலாம், மாற்றலாம். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. படி 4-இல் இது நமக்கு வேண்டும்.

விதிகள் வருடா வருடம் திருத்தப்படும். அதனால் நீங்கள் ஆடும் வருடத்துப் பிரதியை எடுத்து மூன்றுக்கு மட்டும் கோடு போடுங்கள்: எதற்கெல்லாம் வர வேண்டும், எவ்வளவு நேரத்துக்குள், விலக்கு தரும் அதிகாரம் யாருக்கு. உங்கள் ஸ்பான்சர் ஒப்பந்தத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். சில பேட்டிகள் போட்டியின் கடமையாக இருக்காது, ஸ்பான்சருக்குக் கொடுத்த வாக்காக இருக்கும். இரண்டுக்கும் கேட்க வேண்டிய ஆள் வேறு.

படி 2: எந்த இடத்தில் என்ன கடமை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

புதிதாக வருபவருக்கு எல்லா மைக்கும் ஒரே மைக்காகத் தெரியும். அப்படி இல்லை.

ஒலிம்பிக்கில் மிக்ஸ்டு ஸோன் என்று ஒரு பாதை உண்டு. களத்திலிருந்து வெளியேறும் வழியில், தடுப்புக்கு அந்தப் பக்கம் செய்தியாளர்கள் நிற்பார்கள். அந்த வழியாக நடந்து போவது கட்டாயம். நின்று பேசுவது கட்டாயம் இல்லை. தலையசைத்துவிட்டு நடக்கலாம். டென்னிஸ் பிரஸ் மீட்டில் வந்து உட்கார வேண்டும். ஆனால் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை.

அமெரிக்கக் கால்பந்தின் மார்ஷான் லிஞ்ச் இந்த வித்தியாசத்தை ஊரறியக் காட்டினார். ஊடகத்தோடு பேச மறுத்ததற்காக 2014-இல் அவருக்கு 1,00,000 டாலர் அபராதம் விழுந்தது. 2015-இல் சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டிக்கு முந்தைய ஊடக நாளில் வந்து உட்கார்ந்தார். அபராதம் கட்டாமல் இருக்கத்தான் வந்திருக்கிறேன் என்ற ஒரே பதிலைக் கிட்டத்தட்ட ஐந்து நிமிடம் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போனார். முதல் வருடத்திலேயே இதைச் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். பெயர் வாங்கிய பிறகு தாங்கும் அடி வேறு, புதுசாக வந்தவர் தாங்கும் அடி வேறு. ஆனால் விதி கேட்டது அவர் அங்கே வந்து உட்காருவதை. மனதைத் திறந்து காட்டும்படி அது கேட்கவில்லை.

குழு விளையாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கிரிக்கெட்டில் மோசமான நாள் என்றால் பேட்டிங் கோச்சை அனுப்பலாம், நாலு விக்கெட் எடுத்த பையனை அனுப்பலாம். டென்னிஸிலும் செஸ்ஸிலும் அந்த நாற்காலிக்கு வேறு ஆளே கிடையாது. 2016 நியூயார்க் உலக செஸ் சாம்பியன்ஷிப்பில் எட்டாவது ஆட்டத்தைத் தோற்ற மேக்னஸ் கார்ல்சன் மேடைக்கு வந்து தனியாக உட்கார்ந்திருந்தார். எதிராளி கர்ஜாகின் வர நேரமானது. பொறுக்க முடியாமல் கார்ல்சன் எழுந்து போய்விட்டார். பரிசுப் பணத்திலிருந்து அபராதம் போட்டார்கள். தோற்றவரைக் காக்க வைக்காமல் இருந்திருந்தாலே அது நடந்திருக்காது.

படி 3: இது தோல்வி வருத்தமா, உடம்பும் மனசும் சேர்ந்து கேட்கும் உதவியா?

தோற்றால் அழுகை வரும். அது நோய் அல்ல. இரண்டு நாளில் சாப்பாடு இறங்கும், தூக்கம் வரும், அடுத்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வரும்.

பிரஸ் மீட் என்று கேட்டாலே வயிற்றைப் பிரட்டுவது, ஜெயித்த நாளிலும் அப்படியே இருப்பது, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டுக் கிடப்பது, நண்பர்களின் போனை எடுக்காமல் இருப்பது, ராக்கெட் பையைப் பார்த்தாலே அலுப்பு தட்டுவது, நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்ற பேச்சு வருவது: இவை வேறு. அந்தக் கடைசிப் பேச்சு ஒருமுறை காதில் விழுந்தாலும் போதும், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். போட்டி இருந்தாலும்.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2020-இல் இதற்கென்றே ஒரு தாள் தயாரித்தது. வீரர், கோச், வீட்டார் என்று மருத்துவம் படிக்காதவர்களும் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி, எண்ணம், உணர்வு, நடத்தை, உடல் மாற்றம் என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். கோச் ஒருவர் அதைப் பையில் வைத்திருப்பது நல்லது.

இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. ஆட்டக்காரர்களுக்கு மட்டுமல்ல, கூடப் பயணிக்கும் அப்பா அம்மாவுக்கும்தான்.

மருந்து எழுதிக் கொடுத்தால் ஒரு விஷயம். மனச்சோர்வுக்குப் பரவலாகத் தரப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை. அந்தப் பயத்தில் மருந்தை நிறுத்தாதீர்கள். ஆனால் மேடைப் பதற்றத்துக்கென்று சில டாக்டர்கள் தரும் ப்ரோப்ரனலால், இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை. வில்வித்தை, துப்பாக்கி சுடுதலில் அது போட்டி இல்லாத நாட்களிலும் தடை. கவனக்குறைவுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் போட்டிக் காலத்தில் எல்லா விளையாட்டிலும் தடை. தேவை என்றால் சிகிச்சை விலக்கு அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும். டாக்டரிடம் போனதும் முதல் வரியாக, "நான் ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு உட்பட்டவள்" என்று சொல்லிவிடுங்கள்.

படி 4: போட்டி தொடங்கும் முன் எழுதிக் கொடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒசாகா விஷயத்தில் அமைப்பாளர்கள், நாங்கள் பேச முயன்றோம், அவர் பதில் தரவில்லை என்றார்கள். தனிப்பட்ட முறையில் மன்னிப்புக் கேட்டு எழுதினேன், போட்டி முடிந்ததும் பேசலாம் என்றேன் என்று அவர் சொன்னார். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று என்னால் அளக்க முடியாது. என் மனசு அவர் பக்கம். ஆனால் உலகத்தில் இரண்டாம் இடத்தில் இருப்பவருக்கே அறிவிப்பு முதலில், பேச்சு பிறகு என்ற வரிசை இவ்வளவு அடி கொடுத்தது. தரவரிசையில் நானூறாவது இடத்தில் இருக்கும் பிள்ளையால் அதைத் தாங்க முடியாது.

ஆகவே, போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ரெஃப்ரிக்கும் ஊடகப் பொறுப்பாளருக்கும் ஒரு கடிதம். மருத்துவச் சான்று அதோடு போகக் கூடாது. அதைப் போட்டியின் மருத்துவரிடம் மட்டும் தனியாகக் கொடுங்கள். கடிதம் இப்படி இருக்கலாம்:

"எனக்கு மருத்துவ ஆலோசனை நடந்து வருகிறது. அதற்கான சான்றைப் போட்டி மருத்துவரிடம் தனியாகக் கொடுத்திருக்கிறேன். செய்தியாளர் சந்திப்புக்கு வரத் தயாராக இருக்கிறேன். தோற்கும் நாளில் ஒரு மணி நேர அவகாசம், பத்து நிமிட வரம்பு, என் கோச் அறையில் இருக்க அனுமதி ஆகிய மூன்றையும் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தில் உள்ளதை வெளியே பகிர வேண்டாம்."

அவ்வளவுதான். நோயின் பெயர் இல்லை, வரலாறு இல்லை, மன்னிப்பும் இல்லை. "வரத் தயாராக இருக்கிறேன்" என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இருந்தால் இது மறுப்பு ஆகாது, நேரமும் வசதியும் கேட்கும் வேண்டுகோள்தான். ரெஃப்ரிக்கு விதி ஏற்கெனவே கொடுத்திருக்கும் அதிகாரத்தைத்தான் பயன்படுத்தச் சொல்கிறீர்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் "சரி பார்த்துக்கலாம்" என்றால், அன்று மாலையே "நீங்கள் சொன்னபடி" என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் போட்டு வையுங்கள்.

பெரிதாகச் செய்ய வேண்டியது அமைப்புகள்தான், அதை மறுக்கவில்லை. வருடத்தில் சில நாள் காரணம் சொல்லாமல் ஒதுங்கிக்கொள்ளும் உரிமை, மற்ற வேலைகளில் இருக்கும் நோய் விடுப்பு மாதிரி, வீரர்களுக்கும் வேண்டும் என்று ஒசாகா அந்த டைம் கட்டுரையில் கேட்டார். எனக்கு அது மிகச் சாதாரணமான கோரிக்கையாகத்தான் படுகிறது. என் சக செய்தியாளர்கள் சிலர், எல்லாரும் விடுப்பு எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தார்கள். நம் ஆபீஸில் லீவு இருக்கிறது, எல்லாரும் ஒரே நாளில் போய்விடுகிறோமா?

படி 5: அறைக்குள்

உள்ளே நீளமான மேசை, மைக், பின்னால் ஸ்பான்சர் பெயர்கள் எழுதிய தட்டி. பக்கவாட்டில் ஒருவர் உட்கார்ந்து யார் அடுத்து கேட்பது என்று கை காட்டுவார். அவர்தான் ஒருங்கிணைப்பாளர். உள்ளே போகும் முன் அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். "நான் தண்ணீர் பாட்டிலைத் தொட்டால் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்" என்று ஓர் அடையாளம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

2021 ஆகஸ்டில் சின்சினாட்டியில் ஒசாகா மறுபடி பிரஸ் மீட்டுக்கு வந்தார். எங்களோடு பேசப் பிடிக்கவில்லை, ஆனால் ஊடக வெளிச்சத்தால் உங்களுக்கு வெளியே ஆதாயம் இருக்கிறது, இரண்டையும் எப்படிச் சமன் செய்கிறீர்கள் என்ற பொருளில் ஒரு கேள்வி. ஒருங்கிணைப்பாளர் அடுத்த கேள்விக்குப் போகலாமா என்றார். ஒசாகா வேண்டாம் என்று சொல்லி, யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். அதற்கடுத்த கேள்வியில் கண்ணீர் வந்துவிட்டது. வெளியே போய், சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்து முடித்தார். 2025 மே மாதம் பாரிஸில் பவுலா படோசாவிடம் முதல் சுற்றில் தோற்ற அன்றும் அப்படித்தான், பேச முடியாமல் எழுந்து போய்த் திரும்பி வந்தார். எழுந்து போகலாம், திரும்பியும் வரலாம். இரண்டையும் அந்த அறை அனுமதிக்கும்.

வாயில் தயாராக வைத்திருக்க வேண்டிய பதில்கள் மூன்று. "அதைப் பற்றி இன்று பேச விரும்பவில்லை." "கேள்வியை இன்னொரு தரம் சொல்லுங்கள்." "ஆட்டத்தைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்." வீட்டில் கண்ணாடி முன்னால் இல்லை, ஓர் ஆளை எதிரே உட்கார வைத்துச் சொல்லிப் பழகுங்கள். சித்தப்பாவை மோசமான கேள்வியாகக் கேட்கச் சொல்லுங்கள்.

மொழியையும் விட்டுவிடக் கூடாது. பெரிய டென்னிஸ் போட்டிகளில் ஆங்கிலக் கேள்விகள் முடிந்த பிறகு வீரரின் தாய்மொழிச் செய்தியாளர்களுக்குத் தனியாக நேரம் தருவார்கள். நம் பிள்ளைகளில் பலருக்குப் பதற்றத்தில் பாதி ஆங்கிலத்தால் வருகிறது. கூச்சப்படாமல் தமிழில் சொல்லுங்கள், மொழிபெயர்க்க ஆள் கேளுங்கள். தோற்ற நாளில் இலக்கணப் பிழைக்கும் சேர்த்துப் பயப்பட வேண்டாம்.

படி 6: எதை, எப்போது சொல்வது உங்கள் கையில்

2014 இங்கிலாந்துத் தொடரில் மனச்சோர்வில் இருந்ததாக விராட் கோலி வெளியே சொன்னது 2021-இல். 2018-க்கும் 2020-க்கும் இடையில் பலமுறை ஓய்வு பெற நினைத்ததை அஸ்வின் சொன்னது 2021 டிசம்பரில், மறுபடி விக்கெட் எடுத்துக்கொண்டிருந்தபோது. சீனாவின் செஸ் ஆட்டக்காரர் டிங் லிரென் நேர்மாறு. 2023 அஸ்தானா உலக சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டம் முடிந்த பிரஸ் மீட்டிலேயே மனம் சோர்ந்திருப்பதை வெளிப்படையாகச் சொன்னார். அந்தப் பட்டத்தையும் வென்றார். ஏழு வருடம் கழித்தும் சொல்லலாம், அன்றைக்கேயும் சொல்லலாம், சொல்லாமலே இருக்கலாம். மூன்றுமே சரி. யாரோ விரட்டிச் சொல்ல வைப்பதுதான் தவறு.

படி 7: அறையை விட்டு வந்த பிறகு

போனைக் கோச்சிடம் கொடுத்துவிடுங்கள். மறுநாள் காலைவரை அது அவரிடம் இருக்கட்டும். மகளிர் டென்னிஸ் சங்கமும் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பும் 2024-க்கு எடுத்த கணக்கில், 458 ஆட்டக்காரர்களுக்கு வசைச் செய்திகள் போயிருந்தன. அவற்றில் பத்தில் நான்கு, பந்தயத்தில் பணம் விட்டவர்கள் அனுப்பியவை. உங்கள் ஆட்டத்தைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மிரட்டல் இருந்தால் கோச் அதைப் படம் எடுத்து அமைப்பாளரிடம் கொடுக்கட்டும், நீங்கள் படிக்க வேண்டாம்.

கூட வரும் அப்பா அம்மாவுக்கு: வண்டியில் ஏறியதும் "அந்த ரிப்போர்ட்டர் என்ன கேட்டான்?" என்று தொடங்காதீர்கள். இரண்டாவது செட்டைப் பற்றியும் வேண்டாம். பிள்ளை ஒன்றரை மணி நேரம் ஆடி, அரை மணி நேரம் பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறது. பசிக்குதா என்று மட்டும் கேட்டு, வழியில் எங்காவது நிறுத்தி தோசை வாங்கிக் கொடுங்கள். பேச்சு வரும்போது வரட்டும்.